கணினி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் கணினியோ, அதன் வேலையைச் செய்யும் கைப்பேசியோ இல்லாத வீடு இன்று அரிது. ஊரிலிருக்கும் பெற்றோரின் முகம் பார்ப்பதற்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவதற்கும், பொங்கலுக்குப் பிரயாணச் சீட்டு எடுப்பதற்கும் அதுவே துணையாயிருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய அப்பெட்டிக்குள் விலையின்றிக் கிடைப்பவை எவையெவை என்று பார்த்தறிந்தவர்களோ சிலரே.

நாம் கணினிக் கல்வி கற்ற பண்டிதரல்லோம். இந்நாக்பூரில் ரயில்வே குமாஸ்தாவாக வேலை பார்க்கிறோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு நம் படிப்பு நின்றது. ஆயினும் அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினியின் முன் அமர்வதாலும், காலனியிலுள்ள அன்பர்கள் "சற்று வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்கும்போதெல்லாம் போய்ப் பார்ப்பதாலும் ஓர் உண்மை நமக்குத் தெளிவாயிற்று. பெரும்பாலான வீடுகளில் வேண்டிய கருவி ஏற்கெனவே கணினிக்குள் இருக்கிறது. வேண்டாத கருவியே வெளியிலிருந்து வந்து குடியேறியிருக்கிறது. முன்னதை எடுத்துப் பயன்படுத்தவும் பின்னதை வாசலிலேயே நிறுத்தவும் வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தமிழ் எழுதுவதைப் பார்ப்போம். "எங்கள் கணினியில் தமிழ் இல்லை" என்று கூறும் அன்பர்கள் பலர். கடைக்காரர் ஏதோ ஒரு வட்டிலிருந்து தமிழ் எழுதும் மென்பொருள் ஒன்றை ஏற்றித் தந்து சில நூறு ரூபாய் வாங்கிச் செல்வதும் உண்டு. இச்செலவு அவசியமில்லாதது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்திருக்கிறது. அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, நேரமும் மொழியும் என்ற பிரிவில் மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். பின்னர் விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்திக்கொண்டே நீண்ட இடைவெளி விசையைத் தட்டினால் ஆங்கிலம் போய்த் தமிழ் வரும். மறுபடி தட்டினால் ஆங்கிலம் வரும். ஆப்பிள் கணினிகளிலும் ஐபோனிலும் இவ்வசதி பல ஆண்டுகளாக உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் விசைப்பலகையின் அமைப்பில் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை.

இனி, எந்த விசைப்பலகையைத் தேர்வது என்ற கேள்வி எழும். இரண்டு முறைகள் வழக்கிலுள்ளன. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரச்செய்வது ஒன்று. இதனை அஞ்சல் முறை என்றும் ஒலிபெயர்ப்பு முறை என்றும் சொல்லுவர். தமிழ் எழுத்துக்களையே விசைகளில் வைத்துத் தட்டுவது மற்றொன்று. இரண்டாம் வகையில் சிறந்தது தமிழ் 99 என்னும் முறை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்று, அதே ஆண்டில் தமிழக அரசால் ஏற்றுக்கொள்ளப்பட்டதால் இப்பெயர் பெற்றது.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் உறுதியான அபிப்பிராயம். காரணம் பிள்ளைகள். இங்கே நம் குழந்தைகள் பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கற்கிறார்கள். தமிழ் எழுத்தை அவர்கள் காண்பது வீட்டில் மட்டுமே. அக்குழந்தை ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதும்போது, ஒலிபெயர்க்கும் கருவி தானாகவே ஒரு சொல்லை ஊகித்துக் கொடுத்துவிடுகிறது. ணகரமா னகரமா, லகரமா ளகரமா ழகரமா, ரகரமா றகரமா என்று குழந்தை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. 'மனம்' என்றும் 'மணம்' என்றும் இரு சொற்கள் உண்டு என்பதை அது எப்போது அறியும்? தமிழ் 99இல் ண ஒரு விசையிலும் ன வேறொரு விசையிலும் இருப்பதால், எழுத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுதவே இயலாது. கணினி விளையாட்டுக்கு ஆசைப்படும் சிறுவனை நாளும் கால் மணி நேரம் இதிலே பழக்கினால், சிலேட்டில் எழுத மறுத்த எழுத்துக்களைத் தானே தேடிக் கண்டுபிடிப்பான்.

அம்முறையின் அமைப்பும் எளிதே. உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். கயைத் தட்டி ஆவைத் தட்டினால் கா வரும். தொல்காப்பியர் காலத்திலிருந்து நம் இலக்கணம் சொல்லும் கணக்கும் இதுதான். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆகவே 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுக்களே போதும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகள் அடுத்தடுத்து வரும்போதும் புள்ளி தானே விழுமாதலால், 'பந்து', 'சங்கு', 'கன்று' முதலியவற்றில் புள்ளி விசையையே தேட வேண்டுவதில்லை. 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி விழாமலிருக்க வேண்டுமானால், முதல் மகரத்தின் பின் அகரத்தை ஒருமுறை தட்டிவிட்டுத் தொடரவேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ என்னும் வடவெழுத்துக்கள் ஷிப்ட் விசையுடன் வரும். சாதாரண அறிவுள்ள எவரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

இம்முறையால் பயன்பெறுவோர் குழந்தைகள் மட்டுமல்லர். காலனியில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். ஆங்கில எழுத்து ஒன்றும் அறியார். தமிழோ வாரப் பத்திரிகை முழுவதும் வாசிப்பார். விசைகளின்மேல் தமிழ் எழுத்துக்களை எழுதி ஒட்டிக் கொடுத்தோம். "தம்பி, ழ எங்கே ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டார். கீழ் வரிசையின் வலக்கோடியில் அதனைக் காட்டினோம். பத்தே நாளில், கும்பகோணத்திலிருக்கும் தம் தங்கைக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி, மகனைக் கொண்டு அனுப்பச் செய்தார். பேரன் உதவிக்கு வர எத்தனித்தபோது, "நீ போடா, எனக்குத் தெரியும்" என்றாராம்!

தட்டவே இயலாத முதியோருக்கும் வழியுண்டு. கூகுள் விசைப்பலகையில் ஒலிவாங்கியின் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழ் எழுத்தாக விழும். விரலால் திரையில் எழுதினாலும் புரிந்துகொள்ளும். பேச்சு வழக்கில் வேகமாகப் பேசினால் சற்றுத் தடுமாறும். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது.

தமிழ் எழுதுவதைச் சொன்ன நாம், முன்பு எழுதியதைக் காப்பதையும் சொல்லவேண்டும். இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணினியில் தமிழ் எழுதியவர்கள் பலர் நம்மிடையே உண்டு. திருமண அழைப்பு, குலதெய்வக் கோயிலின் வரலாறு, மறைந்த பெரியவர் தட்டச்சு செய்து வைத்த குடும்பக் குறிப்பு எனப் பல கோப்புகள் பழைய வட்டுக்களில் கிடக்கின்றன. இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் அலங்கோலமாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிட்டவர்களையும் நாம் அறிவோம். அந்தோ! அவை கெடவில்லை.

நடந்தது இதுவே: அக்காலத்தில் தமிழுக்கெனக் கணினியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட இடம் வழக்கில் இல்லை. ஒவ்வோர் எழுத்துரு ஆக்கியவரும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தார். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகும். அவ்வெழுத்துரு இருக்கும் வரையில் அது தமிழ், இல்லையேல் ஜேகேபிஓ. ஒருங்குறி என்று நாம் வழங்கும் யூனிகோட் வந்த பின்னரே தமிழெழுத்துக்குத் தனியிடம் உறுதியாயிற்று. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் அதனை ஏற்று ஆணையிட்டது. இன்று கணினியிலும் கைப்பேசியிலும் இயல்பாக நாம் எழுதும் தமிழெல்லாம் ஒருங்குறியே.

ஆதலால் அலங்கோலமாகத் தெரியும் கோப்பை ஒருபோதும் அழிக்கலாகாது. அதனை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகமே ஒருங்குறி மாற்றி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதென்று தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிடில், முதல் ஒரு வரியை மட்டும் எடுத்து ஒவ்வொரு முறையாக மாற்றிப் பார்த்தால் எதிலேனும் தமிழ் தெளிந்து நிற்கும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. சொத்து விவரம், வங்கிக் கணக்கு முதலியவை அடங்கிய கோப்பைப் பெயர் தெரியாத இணையதளத்தில் ஒட்டி மாற்றுதல் ஆகாது. அத்தகையவற்றை நம் கணினிக்குள்ளேயே இயங்கும் கருவியால் மாற்றவேண்டும். அச்சிட்ட பழைய தாளாயின், அதனைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஆவணமாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்தாக மாறி வரும். இதில் சிற்சில பிழைகள் இருக்கும், திருத்திக்கொள்ளலாம். கையெழுத்துக் கடிதங்களுக்கு இவ்வழி அவ்வளவாக உதவுவதில்லை. அவற்றைப் படமாகவே வைத்திருப்பது நலம். தாத்தாவின் கையெழுத்தும் அதனோடு தங்கும் அன்றோ?

படிப்பதற்கும் பணம் செலவிட வேண்டுவதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் சங்க நூல்கள் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் வரை கட்டணமின்றிப் படிக்கலாம். பிறநாட்டிலும் பிறமாநிலத்திலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென அக்கழகம் பாடங்களும் வைத்திருக்கிறது.

இனி நம் தொழிலை ஒட்டிய விஷயத்துக்கு வருவோம். ஊருக்குப் போகச் சீட்டு எடுப்பது நம்மவர் வீடுகளில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பெரும்பாடு. இதிலும் வெளியார் கருவி நுழைந்துவிடுகிறது. "தட்கல் சீட்டை நொடியில் எடுக்கும் மென்பொருள்" என்று சொல்லி விற்பார் உண்டு. "என் கணக்கில் எடுத்துத் தருகிறேன், தலைக்கு இவ்வளவு கொடுங்கள்" என்பாரும் உண்டு. அங்கீகாரமின்றிச் சீட்டு வியாபாரம் செய்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. அவ்வாறு எடுத்த சீட்டு ரத்தாகிவிட்டால் குழந்தை குட்டிகளோடு பிளாட்பாரத்தில் நிற்க நேருவது வாங்கிய குடும்பமே. அங்கீகாரம் பெற்ற முகவர்களுக்குங்கூட 2025 ஜூலை முதல் தட்கல் தொடங்கும் முதல் அரை மணி நேரம் சீட்டெடுக்க அனுமதியில்லை. ஆகவே, முதல் நிமிடத்திலேயே எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொன்னால் அச்சொல்லில் கோணல் இருக்கிறதென்று அறிக.

நேர்வழியில் சில ஏற்பாடுகள் செய்துகொண்டால் போதும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் குடும்பத்தார் பெயர், வயது எல்லாவற்றையும் முன்னதாகவே பயணியர் பட்டியலில் எழுதி வைக்கலாம்; சீட்டெடுக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிராமல் பெயரைத் தொட்டால் போதும். 2025 ஜூலை முதல், இணையத்தில் தட்கல் எடுக்க அக்கணக்கு ஆதாரால் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சாதாரண முன்பதிவு தொடங்கும் நேரத்துக்கும் அது விரிந்தது. இவ்வேலையைப் பண்டிகை நெருக்கத்தில் செய்ய முற்படாமல், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவைக்க வேண்டும்.

நாட்கணக்கில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பிரயாண நாள் இதில் சேராது. பொங்கல் முடிந்து ஜனவரி 18 அன்று சென்னையில் வண்டி ஏறித் திரும்பவேண்டுமானால், நவம்பர் 19 அன்று காலையே முன்பதிவு திறக்கும். தீபாவளி முடிந்த களைப்பில் போவதற்கு மட்டும் சீட்டெடுத்துவிட்டு, திரும்புவதை 'பிறகு பார்ப்போம்' என்று விடுவோர் பிறகு பார்ப்பது காத்திருப்போர் பட்டியலையே.

மற்றொன்று நாக்பூர்க்காரர்களுக்கே உரியது. தட்கல் முதல் நாள் திறக்கும். குளிர்வசதி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. ஆனால் அந்த 'முதல் நாள்' வண்டி புறப்படும் நிலையத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் டில்லியில் ஒரு நாள் புறப்பட்டு மறுநாளே நாக்பூர் வருகின்றன. எனவே 12ஆம் தேதி நாக்பூரில் ஏறவேண்டியவருக்குரிய வண்டி டில்லியில் 11ஆம் தேதி புறப்படுவது. அதன் தட்கல் 10ஆம் தேதி காலையில் திறக்கும். 11ஆம் தேதி காலையில் அலாரம் வைத்து எழுந்து பார்ப்பவருக்கு மிஞ்சுவது ஏமாற்றமே. இது தெரிந்த ஒருவர்க்கு எந்த விரைவு மென்பொருளும் வேண்டுவதில்லை.

வண்டியில் அடையாளச் சான்று காட்டுவது பற்றியும் ஒரு சொல். அரசின் டிஜிலாக்கரில் உள்ள ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் ரயில் பிரயாணத்தில் செல்லும் என்று 2018இல் ரயில்வே அறிவித்தது. ஆனால் துறையால் நேராக வழங்கப்பட்ட ஆவணங்கள் என்ற பகுதியில் இருப்பதே செல்லும். நாமே படமெடுத்து ஏற்றி வைத்தது செல்லாது.

சீட்டை ரத்துச் செய்தபின் பணம் திரும்பிவரத் தாமதமாகும்போதுதான் நம்மவர் பலர் வலையில் விழுகிறார்கள். பொறுமையிழந்து, சமூக ஊடகத்தில் தம் பி.என்.ஆர். எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் புகார் எழுதுகிறார்கள். சற்று நேரத்தில், "ரயில்வேயிலிருந்து பேசுகிறோம்" என்று மிகுந்த மரியாதையுடன் ஒருவர் அழைக்கிறார். பி.என்.ஆர். எண்ணையும் அவரே சொல்லுவதால் நம்பிக்கை பிறக்கிறது. பின் ஒரு செயலியை ஏற்றச் சொல்லுகிறார். அது நம் திரையை அவருக்குக் காட்டும் செயலி. அல்லது யூ.பி.ஐ. இரகசிய எண்ணைத் தட்டச் சொல்லுகிறார். இணையத்தில் எடுத்த சீட்டுக்கான பணம் எந்த வழியில் செலுத்தினோமோ அந்த வழியிலேயே தானாகத் திரும்பிவரும். அதற்காக எவரும் நம்மை அழைக்க வேண்டுவதில்லை. பணம் பெறுவதற்கு இரகசிய எண் எக்காலத்தும் தேவையில்லை. கொடுப்பதற்கே அது தேவை. இதனை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், குறிப்பாகப் பகலில் தனியே இருக்கும் தாய்மார்கள், பெருக்கல் வாய்பாடு போல் மனனம் செய்தல் வேண்டும்.

தாய்மார்களைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பெண்மணிகளில் பலர் கடைத்தெரு இந்தியை நன்கு அறிவார்கள். சட்டமும் வங்கியும் கலந்த இந்தியில் ஒருவர் மடமடவென்று பேசும்போது பாதியே புரிகிறது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'ஹாங் ஜி, ஹாங் ஜி' என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். மோசக்காரனுக்கு அக்கூச்சமே மூலதனம். ஆகவே நம் வீடுகளுக்கு ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம்: பாதி புரிந்த மொழியில் பணப்பேச்சு பேசுவதில்லை. "என் கணவர் வந்ததும் வங்கிக்கே நேரில் வருகிறோம்" என்று சொல்லி வைத்துவிடலாம். மெய்யான அதிகாரி அதற்குக் கோபிக்கமாட்டார். போலீஸ் உடையில் திரையில் தோன்றி, "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே போகாதே" என்று மிரட்டுவாரும் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதனை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

வாட்ஸப்பில் வரும் திருமண அழைப்பையும் பார்த்தே திறக்கவேண்டும். அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்ற மூன்றெழுத்து இருக்குமானால் அது அழைப்பிதழன்று. கைப்பேசிக்குள் புகும் ஒரு செயலி. அனுப்பியவர் சித்தப்பாவே ஆயினும் தொடலாகாது. அவர் கைப்பேசி முன்பே பிறர் வசமாகியிருக்கலாம். ஒருகால் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். பணம் கைமாறிக் கைமாறி ஓடுவதற்குள் நிறுத்தி வைக்க வழியிருப்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது. வங்கியின் எண் வேண்டுமானால் இணையத்தில் தேடாமல் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கவேண்டும். இணையத்தில் போலி எண்களை முன்னிறுத்தி வைப்போர் மிகுதி.

கடவுச்சொல்லைப் பற்றி அறிஞர்கள் நீள எழுதுகிறார்கள். நாம் சொல்வது கொஞ்சமே. மின்னஞ்சலின் கடவுச்சொல் மற்ற எதற்கும் உரியதாக இருக்கலாகாது; அது போனால் மற்றவை எல்லாம் அதன் வழியே போய்விடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமும் உண்டு, நினைவிலும் நிற்கும். நினைவில் நில்லாதெனில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் நகைப்பெட்டியோடு வைக்கலாம். பலர் இதனைக் கூடாதென்பர். ஆயினும் தொலைவிலிருந்து திருடுவோனுக்கு நம் பீரோ எட்டாது. கைப்பேசிக்குள்ளேயே 'பாஸ்வேர்டு' என்று தலைப்பிட்டு எழுதி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எஞ்சியிருப்பது புகைப்படங்கள். குழந்தை பிறந்தது முதல் எடுத்த படங்களெல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்க, அக்கைப்பேசி ரயில் ஜன்னலோரத்திலிருந்து பறிபோன கதைகள் ரயில்வேக்காரராகிய நமக்குப் புதியவையல்ல. கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இடம் இலவசம், 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அக்கணக்கிலேயே சேர்கின்றன. அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் ஏறாமல் நின்றுவிடும். எச்சரிக்கை வருவதைப் பலர் பார்ப்பதில்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறையேனும் படங்களை ஒரு தனி வட்டில் பிரதி செய்து, ஊருக்குப் போகும்போது ஒரு பிரதியை அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ விட்டுவிட்டு வரலாம். இங்கே வெள்ளம் புகுந்தாலும் திருடன் புகுந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

முதியோரின் கணக்குகளையும் கவனிக்கவேண்டும். இரண்டாண்டுகள் தொடப்படாத கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் நிறுவனம் 2023இல் விதி செய்தது. தந்தையார் காலமானபின் அவருடைய கணக்கிலுள்ள படங்களும் கடிதங்களும் இவ்வாறு மறைந்துவிடக்கூடும். செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற ஏற்பாட்டில், தமக்குப்பின் எவரிடம் அவை சேரவேண்டும் என்று அவர் இருக்கும்போதே குறித்து வைக்கலாம். கேட்பதற்குச் சங்கடமான விஷயந்தான். உயில் எழுதும் பேச்சைப் போல, நல்ல நாளில் மெதுவாக எடுக்கவேண்டும்.

பழைய கணினி வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. விண்டோஸ் 10க்குரிய வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தன. புதியதற்கு மாற இயலாத கணினியைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச அமைப்பை ஏற்றினால் கடிதம் எழுதவும் படிக்கவும் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தமிழ் 99 அதிலும் உண்டு, லிபரே ஆபீஸ் என்னும் எழுதுகருவியும் விலையின்றி உடன் வரும். கடைத்தெருவில் திருட்டுப் பிரதி ஏற்றிக்கொள்வதைக் காட்டிலும் இது நூறு மடங்கு நலம்.

பழைய எழுத்துருவில் கோப்புகள் வைத்திருக்கும் அன்பர்கள், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் சங்க வாசகசாலைக்குக் கொண்டுவந்தால் உடனிருந்து மாற்றித் தர நாம் சித்தமாயிருக்கிறோம். கோப்பின் பிரதியை மட்டும் கொண்டுவருக. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும்.